காற்றுக் குறைந்த டயரும் காத்திருக்கும் அபாயமும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எஞ்சினுக்குத் தரும் மதிப்பில் நூற்றில் ஒரு பங்கையேனும் டயருக்குத் தருவதில்லை. எஞ்சினின் ஓசை சற்றே மாறினாலும் உடனே மெக்கானிக்கைத் தேடுகிறோம். எண்ணெயின் அளவைப் பார்க்கிறோம். வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொள்கிறோம். டயரோ, பஞ்சரானாலன்றி நம் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், ஓடும் வண்டியைத் தரையோடு இணைத்து வைப்பது டயர் ஒன்றே. ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் சரி, பிரேக்கை மிதித்தாலும் சரி, அந்த முயற்சி இறுதியில் டயரின் வழியாகவே சாலையைச் சென்றடைய வேண்டும். அந்த டயரின் உயிர் அதனுள் அடைபட்டிருக்கும் காற்று.

கூட்டுறவு ஏட்டில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நூல் மூட்டையும் ஜவுளிக் கட்டும் சந்தைக்குப் போவது இன்று டயரின் மேல்தான். உரமும் விதையும் வயலுக்கு வருவதும், விளைந்த காய்கறி விடியுமுன் நகரத்துக்குச் செல்வதும் டயரின் மேல்தான். முன்பு மாட்டு வண்டியில் போய்வந்த குடும்பங்கள் பல இன்று சொந்தக் காரிலோ, வாடகை வேனிலோ நான்குவழிச் சாலையில் விரைகின்றன. வேகம் வளர்ந்த அளவுக்கு அதற்குரிய எச்சரிக்கை வளரவில்லை என்பது கண்கூடு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது நம் கடமையெனக் கருதுகிறோம்.

சுமையைத் தாங்குவது எது?

வண்டியின் பாரத்தை ரப்பர்தான் தாங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பாரத்தின் மிகப் பெரும் பகுதியைத் தாங்குவது உள்ளே அழுத்தத்துடன் நிற்கும் காற்றேயாகும். ரப்பரும் அதனுள் பதிந்த இழைகளும் அக்காற்றைச் சிதறவிடாமல் கட்டிக் காக்கும் பாத்திரம் மட்டுமே. பாத்திரம் புதியதாக இருந்தும் உள்ளே காற்றுக் குறைந்திருந்தால், தான் தாங்க வேண்டாத சுமையை அப்பாத்திரம் தாங்க நேருகிறது. தீங்கனைத்தும் இங்கிருந்தே தொடங்குகிறது.

காற்றின் அழுத்தத்தை நம் பெட்ரோல் பங்க்குகளில் பவுண்டுக் கணக்கில் சொல்லுகிறோம். 32 பவுண்டு என்றால், டயரின் உட்புறத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் 32 பவுண்டு எடைக்குச் சமமான அழுத்தம் என்று பொருள். ஆட்களுடன் சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஏறத்தாழ 350 கிலோ, அதாவது 770 பவுண்டு பாரம் நிற்கும். அதனை 32 ஆல் வகுத்தால் 24 கிடைக்கும். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 24 சதுர அங்குலம்; அகல விரித்த ஒரு கையின் அளவைவிட அதிகமில்லை. நான்கு கைகளை அகல விரித்த அளவு இடத்தை நம்பித்தான் ஒரு குடும்பமே மணிக்கு 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது.

காற்று 20 பவுண்டாக இறங்கினால் அதே பாரத்துக்கு 38 சதுர அங்குலத்துக்கு மேல் இடம் தேவைப்படும். டயர் சப்பையாகிப் படர்ந்து கொடுத்தாலன்றி அவ்வளவு இடம் கிடையாது. பரப்புக் கூடினால் பிடிப்பும் கூடுமே என்று வாதிக்கலாம். ஆனால் சப்பையான டயரில் நடுப்பகுதி சற்று மேலெழும்பி, இரு ஓரங்களே பெரும் பாரத்தை ஏற்கின்றன. பக்கச் சுவர்கள் மடிந்து பிதுங்குகின்றன. இந்த மடிப்பே நாம் அஞ்சவேண்டியது.

நெசவாளர் அறிந்த பொருளே

டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் அன்று. அது அடிப்படையில் நெசவுப் பொருள். காற்று நிரப்பிய சக்கர வளையத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது அன்று பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த டயரே இத்தொழிலுக்கு வித்திட்டது.

தொடக்க காலத்து டயர்களுக்குள், பாவும் ஊடையும் சமமாகப் பின்னிய கித்தான் துணியை வைத்தனர். வண்டி ஓடும்போது டயர் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் பாவு இழையும் ஊடை இழையும் குறுக்கிடும் இடங்களில் ஒன்றையொன்று அறுத்தன, உராய்வினால் சூடேறின, விரைவில் துணி நைந்து டயர் வெடித்தது. தறியில் இழை அறுபடுவதன் துயரத்தை அறிந்த நம் நெசவாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இதற்கு மாற்றாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஃபுல்லர்ட்டன் பால்மர் என்ற அமெரிக்கர் முதலில் சைக்கிள் டயருக்கென ஒரு வழி கண்டார். முறுக்கேறிய பாவு இழைகளை மட்டும் அடுக்கடுக்காக வைத்து, இழையும் இழையும் உராயாமல் இடையில் ரப்பரைப் புகுத்துவதே அம்முறை. இன்று டயருக்கென நெய்யப்படும் கார்டு துணியிலும் பாவுதான் முழு வலிமை. ஊடை, பாவைக் கலையாமல் பிடித்துவைக்க ஆங்காங்கே ஓடும் மெல்லிய நூல் அவ்வளவே.

பல காலம் பருத்தியே டயரின் இழையாக இருந்தது. பின்னர் ரேயான், நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரப்பரில் செயற்கை வகைகள் பல வந்தபோதிலும் இயற்கை ரப்பர் தன் இடத்தை இழக்கவில்லை. வளைந்து நிமிரும்போது அது குறைவாகவே சூடேறுவதால், பெரும்பாரம் சுமக்கும் லாரி டயர்களில் அதுவே மிகுதியாகச் சேருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வடிக்கும் தொழிலாளரின் உழைப்பும், நூற்பாலையில் இழை முறுக்குவோரின் உழைப்பும் ஒரு டயருக்குள் கைகோத்து நிற்கின்றன. அவ்வுழைப்பைக் காற்றுக் குறைவினால் வீணடிப்பது முறையாகாது.

வெடிப்பின் காரணம் சூடு

ஓர் இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். முதலில் சூடேறும், பின்பு முறியும். டயருக்கும் இதுவே நியதி.

சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர் எனக் கொள்வோம். ஒரு கிலோமீட்டர் செல்ல அது சுமார் 550 முறை சுழல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 740 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் ஒவ்வோரிடமும் தரையைத் தொடும்போது ஒருமுறை மடிந்து, விலகும்போது நிமிருகிறது. 100 கிலோமீட்டர் பயணத்தில் ஐம்பத்தையாயிரம் மடிப்புகள்! காற்றுச் சரியாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் சிறியது. எழும் சூட்டை டயர் வெளியே விட்டுவிடும். காற்றுக் குறைந்தால் மடிப்பு ஆழமாகிறது; எழும் சூடு, வெளியேறும் சூட்டை மிஞ்சுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். ஆதலால் சூடு உள்ளேயே தங்கிப் பெருகுகிறது.

அவ்வாறு பெருகிய சூடு, இழையையும் ரப்பரையும் ஒட்டவைத்த பிணைப்பைத் தளர்த்துகிறது. எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் சிறு விரிசல் தோன்றுகிறது. அது நாளடைவில் உள்ளே பரவுகிறது. வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள், வேகமும் வெயிலும் சுமையும் ஒன்றுசேரும் நேரத்தில், டயரின் மேற்பட்டை உரிந்து பறக்கிறது. அல்லது பக்கச் சுவர் கிழிந்து காற்று முழுவதும் ஒரு நொடியில் வெளியேறுகிறது. ஓட்டுநர் அன்று செய்த பிழை எதுவும் இராது. பல நாட்கள் காற்றுப் பார்க்காமல் ஓட்டியதன் பலன் அந்த நொடியில் வந்து சேருகிறது.

கோடைக்காலத் தப்பெண்ணம்

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். கோடையில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் நான்கைந்து பவுண்டு குறைத்தே வைக்கவேண்டும் என்று அனுபவம் மிக்க ஓட்டுநர்களும் சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் இது முற்றிலும் தலைகீழான முறை.

வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும் என்பது உண்மையே. நெடுந்தூரம் ஓடிய டயரில் நான்கு முதல் ஆறு பவுண்டு வரை கூடியிருப்பது இயல்பு. ஆனால் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் டயரை வடிவமைக்கின்றனர். நல்ல டயர் அதனை எளிதில் தாங்கும். தாங்க முடியாதது மடிப்பினால் விளையும் சூடு. கோடைக்கு அஞ்சிக் காற்றைக் குறைப்பவர், எந்தச் சூட்டுக்கு அஞ்சினாரோ அதையே தம் கையால் பெருக்கிக்கொள்கிறார். ஓடி நின்ற சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவதும் இத்தகைய பிழையே. டயர் ஆறியபின் அது குறைந்த காற்றோடு நிற்கும்.

அமெரிக்கா கற்ற பாடம்

காற்றழுத்தம் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய வரலாறு உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தன் டயர்களில் சில வகைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அன்று சாலையில் ஓடிக்கொண்டிருந்தவை மட்டும் சுமார் 65 லட்சம் டயர்கள் என மதிப்பிட்டனர். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்னும் வண்டியில் பூட்டப்பட்டிருந்தன. வேகமாகச் செல்லும்போது டயரின் மேற்பட்டை உரிந்து, வண்டி கட்டுக்கடங்காமல் உருண்டது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் 271 மரணங்களை இத்தகைய விபத்துகளோடு தொடர்புபடுத்தினர்.

காரணம் எது என்பதில் டயர் நிறுவனமும் கார் நிறுவனமும் ஒன்றையொன்று குறை கூறின. டயரின் அமைப்பு, ஒரு தொழிற்சாலையின் தயாரிப்பு முறை, வண்டியின் உருளும் தன்மை எனப் பலவும் விசாரணையில் அலசப்பட்டன. விவாதத்தின் நடுவில் நின்ற எண் ஒன்று உண்டு: 26. அவ்வண்டிக்கு 26 பவுண்டு காற்றுப் போதுமெனக் கார் நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. 30 பவுண்டு வேண்டும் என்று டயர் நிறுவனம் பின்னர் கூறியது. 26 பவுண்டிலேயே தொடங்கும் டயர், சில மாதம் கவனிப்பாரின்றி விடப்பட்டால் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். விபத்துகள் வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் அதிகம் நேர்ந்தன என்பதும் கருதத்தக்கது. டயரில் குறையிருந்தது உண்மை. காற்றுக் குறைவும், வெயிலும், சுமையும், வேகமும் அந்தக் குறையை மரணமாக்கின.

அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அங்கே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் காற்றுக் குறைவைக் காட்டும் எச்சரிக்கை விளக்குக் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பல புதிய கார்களில் இவ்விளக்கு இருக்கிறது.

ஆனால் விளக்கு இருக்கிறதென்று வாளாவிருத்தல் தகாது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகே விளக்கு எரிந்தாக வேண்டும். 32 பவுண்டு இருக்கவேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை அது மௌனமாக இருக்கலாம். அந்த எல்லை எத்தகையது என்பதை 2012-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு காட்டுகிறது. காற்று நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த வண்டிகள், சரியான காற்றுள்ள வண்டிகளைக் காட்டிலும் மும்மடங்கு, டயர்க் கோளாறு தொடர்புள்ள விபத்தில் சிக்குவதாக அது கண்டது.

மழையிலும் வளைவிலும்

காற்றுக் குறைந்த டயர் வெடிக்காமலே கொல்லும் வழிகளும் உண்டு. திடீரென எதிர்ப்படும் மாட்டையோ சைக்கிளையோ விலக்கி ஸ்டீரிங்கை ஒடித்தால், சப்பை டயர் உடனே திரும்பாது. பக்கச் சுவர் முதலில் ஒருபுறம் சாய்ந்து, பிறகே வண்டி திரும்பும். அந்தக் கண நேரத் தாமதம் போதும். ஒரு சக்கரத்தில் மட்டும் காற்றுக் குறைந்தால், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

மழைக்காலத்து அபாயம் தனி. தேங்கிய நீரின் மேல் வேகமாகச் செல்லும் டயர், நீரைப் பிதுக்கித் தள்ளித் தரையைப் பற்ற வேண்டும். பற்ற முடியாதபோது அது நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். ஸ்டீரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். விமான டயர்களை வைத்து 1963-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வு, இந்த மிதப்புத் தொடங்கும் வேகம் டயரின் அழுத்தத்தைப் பொறுத்தது எனக் காட்டிற்று. அக்கணக்கின்படி 32 பவுண்டு டயர் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்திலும், 20 பவுண்டு டயர் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்திலும் மிதக்கத் தொடங்கும். டயரின் தேய்மானமும் நீரின் ஆழமும் கார்களுக்கு இக்கணக்கை மாற்றும். எனினும், காற்றுக் குறையக் குறைய அபாயம் குறைந்த வேகத்திலேயே வந்து நிற்கும் என்பது தெளிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பயணம் செய்வோர் இதை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பணமும் வீணாகிறது

சப்பை டயர் தரையில் எளிதில் உருளாது. எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டும். நான்கு டயர்களிலும் ஒரு பவுண்டு காற்றுக் குறைந்தால் எரிபொருள் ஏறத்தாழ 0.2 சதவிகிதம் கூடுதலாகச் செலவாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆண்டுக்கு 1,000 லிட்டர் செலவிடும் வண்டி பத்துப் பவுண்டு குறைவாக ஓடினால் 20 லிட்டர் வீண். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்து, நடுப்பகுதி புதிதாக இருக்கும்போதே முழு டயரையும் மாற்ற நேரும். காற்றை அளவுக்கு மீறி அடித்தால் நடுப்பகுதி தேயும், பிடிப்பும் குறையும். ஆகவே மிகுதியும் வேண்டாம், குறைவும் வேண்டாம், அளவே வேண்டும்.

கண்ணும் காலும் அளவுகோல் ஆகா

டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பதும், தட்டி ஓசை கேட்பதும் நெடுநாள் வழக்கம். இன்றைய ரேடியல் டயர்களுக்கு அவ்வழக்கம் உதவாது. 1946-இல் பிரான்ஸ் நாட்டு மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற இவ்வகை டயரின் பக்கச் சுவர் மெல்லியது. காற்றுச் சரியாக இருக்கும்போதே அடிப்புறம் சற்றுப் பிதுங்கித் தோன்றும். எட்டுப் பவுண்டு குறைந்தாலும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. டியூப் இல்லாத டயரில் ஆணி தைத்தால் காற்று மெல்ல மெல்லவே கசியும். அது ஒரு நன்மைதான். ஆனால் ஆணி தைத்ததை அறியாமல் நெடுந்தூரம் ஓட்டிவிடும் தீமையும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆணியே தைக்காவிடினும் நல்ல டயர் மாதம் ஒன்றுக்கு ஒன்றிரண்டு பவுண்டு இழப்பது இயல்பு. ஆறு மாதம் பாராதிருந்தால் 32 பவுண்டு 20-ஐ நெருங்கிவிடலாம்.

நைட்ரஜன் அடித்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பாரும் உளர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியலாம். ஆனால் அளந்து பார்க்கும் கடமையை அது நீக்குவதில்லை.

செய்ய வேண்டியவை

1. மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும், கருவி கொண்டு நான்கு டயர்களையும் அளத்தல் வேண்டும். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னியையும் மறத்தலாகாது.

2. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பின், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரி.

3. எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநரின் கதவருகிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அது நம் வண்டிக்குரிய அளவு அன்று.

4. பல வண்டிகளில் இரண்டு அளவுகள் தரப்பட்டிருக்கும். ஒன்று இருவர் மூவர் செல்வதற்கு. மற்றொன்று முழுச் சுமைக்கு. கோயிலுக்கோ திருமணத்துக்கோ குடும்பத்துடன் மூட்டை முடிச்சுகளோடு செல்லும்போது இரண்டாவது அளவே உரியது. ஐவர் அமரும் காரில் எண்மரை ஏற்றுவதற்கு எந்த அளவும் உதவாது. அத்தகைய பயணத்தைத் தவிர்ப்பதே அறிவு.

5. வால்வின் மூடி தொலைந்தால் உடனே வேறு வாங்கிப் போடுதல் நலம். தூசு புகுந்தால் அங்கேயே கசிவு தொடங்கும்.

6. ஒரே டயரில் மீண்டும் மீண்டும் காற்று இறங்கினால், அடித்து அடித்து ஓட்டாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

7. ஓடும்போது டயர் வெடித்தால், பிரேக்கை ஓங்கி மிதித்தல் ஆகாது. ஸ்டீரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வண்டியை நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் நன்கு குறைந்தபின் ஓரங்கட்ட வேண்டும்.

பயிரிடுவோருக்கு ஒரு சொல்

டிராக்டர் வைத்திருப்போர், வயலில் பின்சக்கரத்துக் காற்றைக் குறைத்து ஓட்டுவது நன்று என்பதை அறிவர். டயர் படர்ந்து மண்ணைப் பற்றும், மண்ணும் இறுகாது. இது சரியான முறையே. ஆனால் அங்கே வேகம் குறைவு, மண் மெத்தென்றிருக்கும். அதே காற்றோடு, டிரெய்லரில் கரும்பையோ நெல்லையோ ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் செல்லும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. வயலுக்கு ஓர் அளவு, சாலைக்கு ஓர் அளவு எனக் கொள்ளுதல் வேண்டும். வயலில் கற்ற வழக்கத்தைக் காருக்குக் கொண்டுவருதல் பெரும் பிழை. காற்றுக் குறைத்தால் மேடு பள்ளம் தெரியாமல் மெத்தையில் போவது போலிருக்கிறது என்பர் சிலர். அந்தச் சுகத்தின் விலை மிக அதிகம். டயர் வண்டி பூட்டுவோரும் இதைக் கருதலாம். சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுப்பவை வாயில்லாத மாடுகளே.

பஞ்சர்க் கடையில் ஓர் எச்சரிக்கை

சங்கத்து லாரியின் டயர் காற்றின்றிச் சில கிலோமீட்டர் ஓடிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, உடனே மாட்டிவிடுவது வழக்கம். இதில் உயிர் அபாயம் இருக்கிறது. காற்றில்லாமல் ஓடிய லாரி டயரின் பக்கச் சுவரிலுள்ள எஃகுக் கம்பிகள் மடிந்து மடிந்து நைந்திருக்கும். மீண்டும் காற்று ஏறும்போது ஒரு கம்பி அறுந்து, அடுத்தது, அதற்கடுத்தது என வரிசையாக அறுந்து, பை வாய் திறப்பதுபோல் பக்கம் முழுதும் பிளந்துவிடும். எதிரே குனிந்து காற்றடிப்பவரை அது உயிரோடு விடாது. பரிந்துரைத்த அளவில் 80 சதவிகிதமோ அதற்குக் குறைவாகவோ காற்றிருக்கும்போது ஓடிய லாரி டயரை, முழுக் காற்றையும் இறக்கிய பின்பே வண்டியிலிருந்து கழற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி கூறுகிறது. அத்தகைய டயரை விளிம்பிலிருந்து எடுத்து, உட்புறம் ஆராய்ந்து, ரப்பர் பொடியோ சுருக்கமோ கண்டால் ஒதுக்கிவிடுதலே நன்று. காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் டயரை வைத்து, நீண்ட குழாய் கொண்டு விலகி நின்று அடித்தல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

சங்கங்களில் நூல் இருப்புக்குப் பதிவேடு உண்டு. உர இருப்புக்குப் பதிவேடு உண்டு. வண்டி வைத்திருக்கும் சங்கம் டயருக்கும் ஒரு பதிவேடு வைத்தால் என்ன? மாதத்தின் முதல் நாள், வண்டி எண், சக்கரம், காற்றின் அளவு, அளந்தவர் கையொப்பம் என ஐந்தாறு பத்திகள் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காற்றளவுக் கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்தால், சொந்த வண்டியுள்ள அங்கத்தினரும் வந்து அளந்துகொள்ளலாம். வாடகை வண்டி அமர்த்தும்போதும், கூலியைப் பேசுவதோடு நில்லாமல் டயரின் காற்றை அளந்து காட்டும்படி கேட்கச் சங்கத்துக்கு முழு உரிமை உண்டு. ஒருவர் கேட்டால் ஓட்டுநர் சலித்துக்கொள்ளலாம். எல்லோரும் கேட்டால் அதுவே வழக்கமாகிவிடும். கூட்டுறவின் வலிமை அதுதானே?

நெய்த துணி விற்றுப் பணமாகும். விளைந்த பயிர் விற்றுப் பணமாகும். சந்தைக்குச் சென்றவர் வீடு திரும்பினால்தான் அந்தப் பணம் குடும்பத்துக்குப் பயன்படும். அடுத்த பயணத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் அளந்து பார்க்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.